முளைக்காத விதையைப் படித்தல்: விதை நெல்லுக்கு வீட்டிலேயே செய்யும் சோதனைகள்

நூறு நெல்லை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து எத்தனை முளைத்தது என்று எண்ணுவதோடு பெரும்பாலான வீட்டுச் சோதனை முடிந்துவிடுகிறது. 80 முளைத்தால் விதைக்கலாம், 60 முளைத்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெளிக்கலாம் என்பது வழக்கம். கணக்கு தவறில்லை, ஆனால் அது பாதிக் கணக்கு. மீதி 20, 40 விதை ஏன் முளைக்கவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும். உறக்கத்தில் இருக்கும், அதாவது உயிரோடு இருந்தும் இன்னும் முளைக்காத விதைக்குப் பொறுத்திருந்தால் போதும். செத்த விதைக்கு எந்த மருந்தும் பலிக்காது. பூஞ்சை பிடித்த விதைக்கு நேர்த்தி (விதைக்கும் முன் மருந்தில் ஊறவைப்பது) உதவும், அதுவும் எந்தப் பூஞ்சை என்பதைப் பொறுத்து. சில சமயம் விதையில் குறையே இருக்காது, துணியில் தண்ணீர் அதிகமாக இருந்திருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். இந்தியாவில் சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம், புறத்தூய்மை 98 சதவீதம், ஈரப்பதம் அதிகபட்சம் 13 சதவீதம். காற்றுப் புகாத பையில் அடைத்தால் ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. உமி உரிந்த விதை 2 சதவீதம் வரை இருக்கலாம். வேறு ரக நெல் கிலோவுக்கு 20 மணிக்கு மேல் இருக்கக் கூடாது. சொந்த விதைக்கு இந்தச் சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் வயலில் அதே வேலையைத்தான் அது செய்ய வேண்டும்.

எப்போது தொடங்குவது

நாற்று விடும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு. நெல்லின் முளைப்புச் சோதனைக்கு முதல் எண்ணிக்கை 5ஆம் நாள், கடைசி எண்ணிக்கை 14ஆம் நாள். முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் இன்னொரு முறை வைக்க இரண்டு வாரம் வேண்டும். விதை ஊறப்போடுவதற்கு மூன்று நாள் முன்பு சோதனை வைத்தால், முடிவு எப்படி வந்தாலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

டெல்டாவில் குறுவை அறுத்த கையோடு அதே நெல்லைத் தாளடிக்கு விதையாக எடுப்பவர்கள் இரண்டு முறை சோதிப்பது நல்லது. அறுத்தவுடன் ஒன்று, விதைப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு ஒன்று. புது நெல்லில் உறக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும்.

மாதிரி எடுப்பது

சோதனை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். சாக்கின் வாயைப் பிரித்து மேலாக ஒரு பிடி அள்ளினால், அது சாக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கனமான மணி கீழே இறங்கும், பதரும் தூசியும் மேலே நிற்கும். தரையை ஒட்டிய பகுதியில் ஈரம் ஏறியிருக்கும்.

குத்தூசி (சாக்கில் குத்தி நெல் எடுக்கும் ஊசி) இருந்தால் மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் எடுங்கள். நான்கு சாக்கு வரை இருந்தால் ஒவ்வொன்றிலும் மூன்று இடம், எட்டு சாக்கு வரை இருந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு இடம், அதற்கு மேல் பதினைந்து வரை என்றால் சாக்குக்கு ஓரிடம். குத்தூசி இல்லையென்றால் சாக்கைத் தார்ப்பாயில் கொட்டிக் கிளறி, பல இடங்களில் சிறிது சிறிதாக அள்ளுங்கள். மொத்தம் இரண்டு கிலோ சேரட்டும்.

அதைக் குவித்து, தட்டையாகப் பரப்பி, கையால் நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை ஒதுக்குங்கள். மிஞ்சியதை மறுபடி குவித்து இதையே செய்யுங்கள். 400 முதல் 500 கிராம் மிஞ்சும்போது நிறுத்தலாம். இதில் நல்ல மணியாகப் பொறுக்கிச் சோதிக்கக் கூடாது. பொறுக்கினால் கிடைப்பது கையின் திறமைக்கான மதிப்பெண், விதைக்கானது அல்ல.

வெவ்வேறு வயலில், வெவ்வேறு நாளில் அறுத்த நெல்லைக் கலந்து ஒரே மாதிரியாக எடுக்காதீர்கள். ஒன்று 95, ஒன்று 60 என்றால் சராசரி 78 வரும். நல்லது எது, கெட்டது எது என்று பிறகு தெரியாது.

உலர்ந்த நெல்லைப் பார்ப்பது

40 கிராம் எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். பதர், கருக்காய் (அரைகுறையாக முற்றிய இலேசான மணி), உமி உரிந்த அரிசி, களை விதை, வேறு ரகம், நிறம் மாறிய மணி, ஓட்டை விழுந்த மணி என்று பிரியுங்கள். அரை மணி நேரம் ஆகும், ஆனால் பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

உமி உரிந்த அரிசி அதிகமாக இருந்தால், அறுவடை இயந்திரத்தின் உருளை வேகமாகச் சுற்றியிருக்கிறது, அல்லது நெல் மிகவும் காய்ந்த பிறகு அறுத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சாக்கில் உமி உரியாத மணிகளிலும் உள்ளே அடிபட்டவை இருக்கும். வட்டமாக, சுத்தமாக வெட்டியது போன்ற ஓட்டை இருந்தால் அந்துப்பூச்சி. உள்ளே புழு அரிசியைத் தின்று முடித்துவிட்டுப் பூச்சியாக வெளியேறிய வழி அது. பழுப்பிலும் கறுப்பிலும் புள்ளி விழுந்த மணிகளைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள். பூஞ்சைச் சோதனைக்கு வேண்டும்.

ஈரப்பதத்துக்கு மானி இல்லாதவர்கள் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு நெல், அதோடு வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று கரண்டி. மூடி, பத்து நிமிடம் விட்டு விட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரப்பதம் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. 13க்கும் 15க்கும் இடையில் எங்கே நிற்கிறது என்று இது சொல்லாது. அதற்கு மானிதான் வேண்டும். உப்பை வறுக்காமல் போட்டால் அதன் சொந்த ஈரத்திலேயே ஒட்டி, நல்ல விதையையும் ஈர விதை என்று காட்டிவிடும்.

ஈரம் அதிகம் என்றால் முதலில் காயவைத்துவிட்டுத்தான் மற்றச் சோதனைகள். காலை 8 முதல் 12 வரை, பிறகு மாலை 3 முதல் 5 வரை தார்ப்பாயில் மெல்லிய பரப்பாகப் போட்டு, அடிக்கடி கிளறுங்கள். உச்சி வெயிலில் சிமென்ட் களத்தில் நேராகக் கொட்டுவது விதைக்கு ஆகாது. விதை நெல்லின் சூடு 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. ஈரமாக இருக்கும்போது பட்ட சூடுதான் கருவை அதிகம் கொல்லும். ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் தந்த தோராய விதி. குளிரறை நம் கையில் இல்லை. வெயில் இருக்கிறது.

உப்புக் கரைசல்

கருக்காயை மிதக்கவைத்துக் கனமான மணியைப் பிரிக்கும் இந்த வேலையைப் பலரும் செய்கிறார்கள், சில இடங்களில் தவறாக. 10 லிட்டர் தண்ணீரில் புதுக் கோழிமுட்டை ஒன்றைப் போட்டால் மூழ்கும். சுமார் ஒன்றரைக் கிலோ உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மேலெழும்பி, அதன் முதுகு 25 பைசா நாணயத்தின் அகலத்துக்கு வெளியே தெரியும். அதுதான் பதம். (25 பைசா செல்லாமல் போனது 2011இல். வேளாண் கையேடுகளில் மட்டும் இன்னும் செல்லுகிறது.) முட்டை பழையதாக இருந்தால் உள்ளே காற்றறை பெருத்திருக்கும், குறைந்த உப்பிலேயே மிதந்துவிடும். கரைசல் இலேசாகி, கருக்காய் அடியில் தங்கிவிடும். முட்டை புதிதா என்று முதலில் வெறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்தபடி மூழ்க வேண்டும்.

நெல்லைக் கொட்டிக் கையால் நன்றாகக் கிளறுங்கள். மீசை உள்ள ரகங்களில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு நல்ல மணியும் மிதக்கும், இரண்டு மூன்று முறை அமுக்கிவிட வேண்டும். மிதப்பதை வடித்தவுடன் அடியில் உள்ளதை அள்ளி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு மிச்சம் இருந்தால் முளைப்பு குறையும். ஒவ்வொரு தடவையும் நெல்லோடு கரைசல் கொஞ்சம் போய்விடும், ஈர நெல் போட்டால் நீர்த்தும் போகும். ஆகவே அடுத்த ஈட்டுக்கு முன் முட்டையைப் போட்டுப் பார்த்து உப்பைச் சரிசெய்யுங்கள்.

சோதனை நோக்கில் முக்கியமானது: மாதிரியில் பாதியை அப்படியே வையுங்கள், பாதியைக் கரைசலில் போட்டு எடுத்து அலசி நிழலில் உலர்த்துங்கள். இரண்டுக்கும் தனித்தனியாக முளைப்புச் சோதனை. அப்படியே வைத்தது 72, கரைசலில் தேறியது 88 என்றால் உங்கள் பிரச்சினை கருக்காய்தான், முட்டையும் உப்புமே தீர்த்துவிடும். இரண்டும் 72 என்றால் பிரச்சினை கனமான மணிக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு மிதக்கவைத்தாலும் தீராது.

சுருள் முறை முளைப்புச் சோதனை

ஆய்வகத்தில் 400 விதையை 100 வீதம் நான்காகப் பிரித்து வைப்பார்கள். வீட்டிலும் அதையே செய்யலாம். முளைப்புத் தாள் கிடைக்காவிட்டால் கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித் துணி போதும், கொதிநீரில் ஒருமுறை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

துணியை நனைத்து, முறுக்கிப் பிழியுங்கள். விரலால் அழுத்தினால் விரலைச் சுற்றி ஈரம் மின்ன வேண்டும், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. இரண்டு அடுக்குத் துணிமேல் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து விதை, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு அடுக்குங்கள். மேலே ஓர் அடுக்குத் துணி மூடி, தளர்வாகச் சுருட்டி, இரு முனையிலும் நூலால் கட்டி, வாளியில் சாய்வாக நிறுத்துங்கள். வாளியின் அடியில் ஓர் அங்குலத் தண்ணீர் போதும். அதில் சுருளின் நுனி மட்டும் தொட்டால் ஈரம் தானாக ஏறும். வாளியை ஈரச் சாக்கால் மூடி, 25 முதல் 30 டிகிரி உள்ள, வெயில் படாத அறையில் வையுங்கள். நான்கு சுருளுக்கும் பெயர், தேதி, இது அப்படியே வைத்ததா கரைசலில் தேறியதா என்று பென்சிலால் எழுதிய சீட்டு கட்டுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

5ஆம் நாள் பிரித்து எண்ணுங்கள். நல்ல நாற்றுகளை எடுத்துவிட்டு மீதியைச் சுருட்டி 14ஆம் நாள் வரை வையுங்கள். நல்ல நாற்று என்றால் முளையும் வேரும் இரண்டும் நன்றாக இருப்பது. முளை வந்து வேர் வராதது, வேர் குட்டையாகத் தடித்து நின்றது, வெளுத்து வளர்ந்தது, அழுகியது எல்லாம் இயல்பற்ற நாற்று. வயலில் இவை நாற்றாகாது. வீட்டுக் கணக்கில் 'முளைத்தது' என்று எழுதப்படுபவற்றில் ஒரு பங்கு இவைதான். ஆய்வக அறிக்கை வீட்டுக் கணக்கைவிடக் குறைவாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான்கு சுருளும் ஒரே எண்ணைத் தராது. சராசரி 80 என்றால், மிக அதிகமான சுருளுக்கும் மிகக் குறைவான சுருளுக்கும் 16 வரை வித்தியாசம் இயல்பு. 90 என்றால் 12 வரை. அதற்கு மேல் போனால் ஏதோ ஒரு சுருள் காய்ந்திருக்கிறது அல்லது ஊறிப்போயிருக்கிறது. அந்தச் சராசரியை நம்பாமல் மறுபடி வையுங்கள்.

முளைக்காததைப் படிப்பது

14ஆம் நாள் துணியில் மிஞ்சியவற்றைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு தட்டு, ஒரு குண்டூசி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ் போதும்.

முதலில் சுருளில் தப்பு இல்லையா என்று பாருங்கள். பல விதைகளில் வெள்ளை முளைக்குருத்து மட்டும் நீண்டு, வேர் வரவே இல்லை என்றால் விதையைச் சந்தேகிக்கும் முன் துணியைச் சந்தேகியுங்கள். காற்று இல்லாத இடத்தில் நெல் அப்படித்தான் முளைக்கும்: குருத்தை நீட்டிக் காற்றைத் தேடும், வேரை விடாது. தண்ணீருக்குள் அமுங்கிய நாற்றங்கால் மூலையிலும் இதையே பார்க்கலாம். பிழிந்த துணியில் மறுபடி வைத்தால் வேர் வரும்.

அடுத்து ஒவ்வொரு விதையின் கருப்பகுதியைக் குண்டூசியால் அழுத்துங்கள். நெல்லின் கரு, காம்பு இருந்த முனையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். ஊசி பட்டதும் கூழாகப் பிதுங்கினாலும், பழுப்புத் தண்ணீர் வந்தாலும், புளித்த வாடை அடித்தாலும் விதை செத்தது. இரண்டு வாரம் ஈரத்தில் கிடந்தும் உறுதியாக, உமியை நீக்கினால் கரு வெள்ளையாக, பூஞ்சை எதுவும் படியாமல் இருந்தால் அது உறங்குகிறது.

உறக்கத்தை உறுதிசெய்ய இன்னொரு சோதனை. அதே மாதிரியில் 50 நெல்லை உமியோடும், 50 நெல்லைக் கையால் உமி நீக்கி, கரு உடையாமல் முழு அரிசியாகவும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நெல்லின் உறக்கத்தில் உமிக்குப் பெரும் பங்கு உண்டு. உமி நீக்கியது பெரும்பாலும் முளைத்து, உமியோடு உள்ளது நின்றுபோனால் உறக்கம்தான். அரிசியில் பூஞ்சை சீக்கிரம் ஏறும் என்பதால் இதை 5ஆம் நாளே எண்ணி முடித்துவிடுங்கள். உறங்கும் விதையை நன்றாக உலர்த்தி மூன்று நான்கு வாரம் வைத்து மறுபடி சோதித்தால் எண்ணிக்கை ஏறும். ஆய்வகங்களில் 50 டிகிரி உலர் சூட்டில் நான்கைந்து நாள் வைத்து உறக்கத்தைக் கலைப்பார்கள், நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைப்பதும் உண்டு. அமிலத்தை வீட்டில் தொட வேண்டாம், சூட்டைத் தோராயமாக வைத்தாலும் விதை போய்விடும். உறக்கத்தைக் குறை என்று நினைக்கவும் வேண்டாம். அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே முளைத்துப் போகாமல் காப்பது அதுதான். உறக்கமே இல்லாத குறுகிய கால ரகங்களில் சாய்ந்த பயிர் வயலிலேயே பச்சை பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம்.

மூன்றாவதாக வேகத்தைப் பாருங்கள். 5ஆம் நாள் 50, 14ஆம் நாள் 82 என்று வந்தால், உறக்கமும் இல்லை என்றால், விதைக்கு வீரியம் குறைந்துவிட்டது. காகிதத்தில் 80ஐத் தாண்டியது என்று நம்பி நாற்றங்காலில் போட்டால் முளை ஏறுக்குமாறாக வரும். மழையோ களையோ முந்திக்கொண்டால் பின்தங்கியவை எழாது. 5ஆம் நாளே 75, கடைசியில் 79 வந்த விதை, தரத்துக்கு ஒன்று குறைவாக இருந்தாலும், இதைவிட நம்பத்தக்கது.

செத்த விதை ஏன் செத்தது? பூஞ்சை எதுவும் இல்லாமல் செத்தவை அதிகம் என்றால் சூடு, பழமை, அல்லது இயந்திர அடி. பூஞ்சை மூடிச் செத்தவை அதிகம் என்றால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

பூஞ்சைச் சோதனை

விதை நோயியல் ஆய்வகங்களில் உறிஞ்சுதாள் முறை என்று இதைச் செய்கிறார்கள். மூன்று அடுக்கு உறிஞ்சுதாளை நனைத்து, வடித்து, 9 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டில் இட்டு, வெளி வட்டத்தில் 15, நடு வட்டத்தில் 9, மையத்தில் 1 என 25 விதை வைப்பார்கள். 16 தட்டு, 400 விதை. 20 முதல் 22 டிகிரியில் 12 மணி நேரம் ஒளி, 12 மணி நேரம் இருட்டு என்று ஏழு நாள் வைத்து, எட்டாம் நாள் நுண்நோக்கியில் ஒவ்வொரு விதையாகப் பார்ப்பார்கள். முளை நீண்டு மறைக்காமல் இருக்க 2,4-டி கரைசலில் தாளை நனைப்பதும் உண்டு. அது களைக்கொல்லி, வீட்டுக்கு வேண்டாம்.

வீட்டில் மூடி உள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா நான்கு, ஒவ்வொன்றிலும் மடித்த வெள்ளை டிஷ்யூத் தாள் மூன்று அடுக்கு, 25 விதை, விதைக்கு விதை ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. டப்பாவைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும். இரண்டு டப்பாவுக்கு விதையை அப்படியே வையுங்கள். மற்ற இரண்டுக்கு விதையை ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடம் ஊறவைத்து, கொதித்து ஆறிய நீரில் மூன்று முறை அலசி வையுங்கள். கடையில் வாங்கும் திரவ பிளீச்சில் 4 முதல் 5 சதவீதம் என்று லேபிளில் இருந்தால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்தால் சரியாக வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேறு எந்தக் கழுவும் திரவத்தோடும் கலக்காதீர்கள்.

அப்படியே வைத்ததில் பூஞ்சை தெரிந்து, கழுவியதில் மறைந்தால் அது உமியின் மேல் தூசியாக ஒட்டியிருந்த பூஞ்சை வித்து. இரண்டிலும் அதே அளவு வந்தால் பூஞ்சை உள்ளே இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே டப்பாக்களைப் பிரிக்கிறோம்.

நம் ஊரில் சிக்கல் வெப்பம். 30 டிகிரியில் வைத்தால் சேமிப்புப் பூஞ்சைகளும் ரைசோபஸ் என்ற பூஞ்சையும் வேகமாக ஓடி, நோய்ப் பூஞ்சைகளை மூடிவிடும். குளிரூட்டிய அறை இருந்தால் அங்கே வையுங்கள். இல்லையென்றால் மார்கழி, தை மாதங்களில் செய்தால் முடிவு தெளிவாக வரும்.

ஏழாம் நாளுக்குப் பிறகு லென்ஸில் பார்க்க வேண்டியவை இவை. மஞ்சள் கலந்த பச்சைத் தலைகள் மெல்லிய காம்பின்மேல் நின்றால் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், கறுப்புத் தலைகள் என்றால் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர், நீலப்பச்சைப் பொடிப் படலம் பென்சிலியம். இவை வயலில் இருந்து வந்த நோய் அல்ல, ஈரத்தோடு சேமித்ததன் தடயம். நேர்த்தி மருந்துக்குச் செலவழிப்பதற்கு முன் களத்தையும் சாக்கையும் கவனிக்க வேண்டும். நீண்ட சாம்பல் நூல்கள் டப்பா முழுவதும் பரவி, நுனியில் கறுப்புப் புள்ளி வைத்தால் ரைசோபஸ். பெரும்பாலும் அசுத்தமான டப்பா காரணம், மறுபடி வையுங்கள்.

உமியின்மேல் கரும்பழுப்பில், தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும் ரோமங்கள் தெரிந்தால் பழுப்புப் புள்ளி நோயைத் தரும் பைபோலாரிஸ் ஆக இருக்கலாம். ஒதுக்கி வைத்த புள்ளி விழுந்த மணிகளில் இதைத் தேடுங்கள். 1942இல் வங்காளத்து நெல்லை அழித்து, மறு ஆண்டுப் பஞ்சத்தின் காரணங்களில் ஒன்றாகப் பேசப்படும் நோய் இது. வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் பஞ்சு வளர்ச்சி பியூசேரியம். அதில் ஒரு வகைதான் நாற்றை வெளிறி, மெலிந்து, மற்றவற்றைவிட ஒரு சாண் உயரமாக வளரவைத்துக் கொல்லும் பக்கானே நோயைத் தருகிறது. 1926இல் குரோசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர், அந்தப் பூஞ்சை வளர்ந்த கரைசலே நாற்றை நீள வைக்கிறது என்று காட்டினார். பின்னாளில் அந்தப் பொருளுக்குத்தான் ஜிப்ரெல்லின் என்று பெயர் வந்தது.

குலைநோயின் பூஞ்சையைக் கைலென்ஸில் உறுதிசெய்ய முடியாது, நுண்நோக்கி வேண்டும். பாக்டீரியா இலைக்கருகல் இந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. அதற்கு நல்ல சோதனை கதிர் நிற்கும்போது வயலைப் பார்ப்பதுதான். கருகல் வந்த வயலில் விதை எடுக்காதீர்கள்.

எண்ணிக்கையின் எல்லையையும் நினைவில் வையுங்கள். 100 விதையில் ஒரு நோயும் தெரியவில்லை என்றால் தொற்று 3 சதவீதத்துக்குக் கீழே என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். தொற்றே இல்லை என்று சொல்ல முடியாது.

துணியிலோ தாளிலோ ஒரு விதையின் பூஞ்சை பக்கத்து நல்ல விதையையும் தின்றுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், கழுவி, சூடேற்றி ஆறவைத்த ஆற்று மணலில் 100 விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்துப் பாருங்கள். மணலில் எண்ணிக்கை தெளிவாகக் கூடினால் விதை அவ்வளவு மோசமில்லை.

முடிவுக்கு ஏற்ற வேலை

குறுகிய கால ரகத்துக்கு நடவு முறையில் ஏக்கருக்கு 24 கிலோ, மத்திய காலத்துக்கு 16, நீண்ட காலத்துக்கு 12 என்பது பரிந்துரை. முளைப்பு 70 என்றால் 24ஐ 80ஆல் பெருக்கி 70ஆல் வகுங்கள்: 27 கிலோவும் கொஞ்சமும். இந்தக் கணக்கை 65க்குக் கீழே இழுக்காதீர்கள். பாதி செத்த குவியலில் உயிரோடு இருப்பவையும் நலிந்தவைதான். அளவைக் கூட்டினால் பலவீனமான நாற்றுதான் கூடும். வேறு விதை வாங்குங்கள்.

உள்ளே பூஞ்சை இருக்கிறது என்று தெரிந்தால் இரண்டில் ஒரு வழி. கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கிலோ விதைக்கு 2 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து 10 மணி நேரம் ஊறவைத்து, வடித்து முளைகட்டுவது. நாற்றங்காலில் குலைநோய் போன்றவற்றிலிருந்து 40 நாள் வரை இது காக்கும். அல்லது சூடோமோனாஸ் ஃபுளூரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா கிலோவுக்கு 10 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிப்பது. வடித்த நீரை நாற்றங்காலில் ஊற்றலாம். இரசாயன மருந்தையும் உயிரி மருந்தையும் ஒரே தொட்டியில் கலப்பது காசுக்குக் கேடு. உதாரணமாக, உயிரி மருந்தாக விற்கும் டிரைக்கோடெர்மாவும் பூஞ்சை இனம்தான், கார்பென்டசிம் அதையும் சேர்த்துக் கொன்றுவிடும். சூடோமோனாஸ் பொட்டலத்தில் காலாவதி தேதியைப் பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்த கடையில் வாங்கினால் உள்ளே பொடி மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.

முந்தைய பயிரில் இலை நுனி வெளுத்து முறுக்கிய வெண்நுனி நோய் இருந்தால், அது விதைக்குள் உமிக்கு அடியில் உறங்கும் நூற்புழு. மருந்து ஊறல் போதாது, 52 முதல் 54 டிகிரி வெந்நீரில் 10 முதல் 15 நிமிடம் வைக்க வேண்டும். வெப்பமானி இல்லாமல் கைச்சூட்டில் செய்தால் கீழே போனால் புழு பிழைக்கும், மேலே போனால் விதை போகும். முதலில் 100 விதையில் செய்து முளைப்பு பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் செய்யுங்கள். எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் போட்டுச் சூட்டை நிறுத்த மறக்கக் கூடாது.

வீட்டுச் சோதனையும் கண்ணும் முரண்பட்டால் மாவட்டத்தில் உள்ள விதைப் பரிசோதனை நிலையத்துக்குப் பணி விதை மாதிரியாக (விவசாயி தானே கட்டணம் கட்டிச் சோதிக்கத் தரும் மாதிரி) அனுப்பலாம். கட்டணம் சிறிது. 400 கிராமுக்குக் குறையாமல், துணிப்பையில், பயிர், ரகம், குவியல் எண், அறுவடை மாதம் எழுதிய சீட்டை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைத்துக் கொடுங்கள். ஈரப்பதமும் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக 100 கிராமைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும், துணிப்பையில் போனால் வழியிலேயே எண் மாறிவிடும். நேர்த்தி செய்த நெல்லை அனுப்பாதீர்கள், பூஞ்சை அடங்கியிருக்கும், முடிவு மருந்தைப் பற்றியதாகிவிடும். கார்பென்டசிம் போட்டு மிஞ்சிய நெல்லைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடாமல் தனியே புதைத்துவிடுங்கள். ஊறப்போடும் நாளில் தேவைக்கு மேல் அரைக் கிலோ கூட நேர்த்தி செய்யாமல் அளந்து எடுத்தால் அந்த வேலையும் மிச்சம்.